கெத்செமனேயில் அஞ்சியது யார்?

கி.பி. 662-ல் கான்ஸ்டான்டிநோபிளில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு துறவியின் நாக்கை அறுத்தார்கள். வலது கையையும் வெட்டினார்கள். இனி அவர் பேசவும் கூடாது, எழுதவும் கூடாது. அவர் பெயர் மாக்சிமுஸ். கிறிஸ்துவுக்குத் தெய்வச் சித்தம் ஒன்று, மனிதச் சித்தம் ஒன்று என இரண்டு உண்டு என்று சொன்னதும், சொன்னதை மாற்றிக்கொள்ள மறுத்ததும்தான் அவர் செய்த குற்றம்.

விவகாரத்தின் வேர் 451-ல் கூடிய கல்சதோன் பொதுச்சங்கத்தில் இருக்கிறது. கிறிஸ்து ஒருவரே, அவரிடம் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்று அது அறிக்கையிட்டது. எகிப்திலும் சிரியாவிலும் பலர் அதை ஏற்கவில்லை. அந்தப் பிளவை ஆற்றப் பேரரசர் ஹெராக்ளியஸ் 638-ல் ஓர் ஆணை வெளியிட்டார்: இயல்பு இரண்டானாலும் சித்தம் ஒன்றே. பாரசீகரோடு போரிட்டுக் களைத்து, அரபுப் படைகளிடம் சிரியாவையும் பறிகொடுத்த அரசுக்கு இந்தச் சமரசம் உயிர்ப்பிரச்சினை.

மாக்சிமுஸ் கெத்செமனே தோட்டத்தைச் சுட்டிக்காட்டினார். பிடிபடும் இரவில் இயேசு தரையில் விழுந்து, துன்பம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று மன்றாடுகிறார். உடனே, தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்று இணங்குகிறார். தந்தைக்கும் மகனுக்கும் தெய்வச் சித்தம் ஒன்றே என்பது திரித்துவ நம்பிக்கை. அப்படியானால் அகல வேண்டுமென்று மன்றாடியது எது? சாவுக்கு அஞ்சியதும், அஞ்சியபடியே இணங்கியதும் மனிதச் சித்தமாகத்தான் இருக்க முடியும். அதை நீக்கிவிட்டால் அந்த மன்றாட்டு நடிப்பாகிவிடும். மனிதர் சார்பில் சம்மதிக்க அங்கே ஒரு மனிதர் இல்லாமல் போய்விடும். கிறிஸ்து தம்மோடு சேர்த்துக்கொள்ளாத எதுவும் குணமடையாது என்று நாசியான்சுஸ் கிரகோரி நான்காம் நூற்றாண்டிலேயே வாதிட்டிருந்தார். மனிதன் வழிதவறுவதே சித்தத்தால்தானே? முதலில் குணமாக வேண்டியதும் அதுதான். இதை வெறும் சொற்சண்டை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

648-ல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் இந்தப் பேச்சையே தடைசெய்தார். மறு ஆண்டு ரோமில் சங்கம் கூட்டி ஒற்றைச் சித்தக் கொள்கையைக் கண்டித்த பாப்பரசர் முதலாம் மார்ட்டின் 653-ல் கைதாகி, நாடுகடத்தப்பட்டு, கிரிமியாவில் 655-ல் இறந்தார். மாக்சிமுஸ் தண்டனை பெற்ற ஆண்டிலேயே கருங்கடலின் கிழக்குக் கரைநாட்டில் மடிந்தார்.

இந்த விவகாரத்தைத் தீர்க்க 680-ல் தொடங்கிய பொதுச்சங்கத்தின் முன் பாலிக்ரோனியுஸ் என்ற துறவி வந்தார். ஒற்றைச் சித்தம் மெய்யென்றால் தம் விசுவாச அறிக்கை பிணத்தையும் எழுப்பும் என்றார். ஊரார் பார்க்க ஒரு சடலத்தின்மேல் அந்த ஏட்டை வைத்து, அதன் காதில் மணிக்கணக்கில் முணுமுணுத்தார். சடலம் அசையவில்லை. அப்போதும் அவர் தம் நம்பிக்கையை விடவில்லை.

681-ல் சங்கம் இரண்டு சித்தங்களையும் ஏற்றது. ஒற்றைச் சித்தத்துக்கு இடங்கொடுத்து எழுதியிருந்த பாப்பரசர் ஹொனோரியுஸை, அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் பெயர் சொல்லிக் கண்டித்தது. சங்கத்தைக் கூட்டிய பேரரசர் நான்காம் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்ஸின் மகன். தீர்மானத்தில் மாக்சிமுஸின் பெயர் இல்லை.