ஒரு யூனிட்டுக்குள் எத்தனை ஆள்?

ஏர்கோனைத் தட்டிவிடும்போது எத்தனை பேரை வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்று யோசித்ததுண்டா?

கணக்கு சுலபம்தான். நாள் முழுக்க உடலால் உழைப்பவர் சராசரியாக 75 வாட் சக்தி தருவார். 8 மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. ஒரு யூனிட் மின்சாரமோ 1,000. ஆக, ஒரு யூனிட் என்பது ஓர் ஆளின் ஒன்றரை நாள் உழைப்புக்கும் மேல்!

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்கள் அந்த உழைப்பில்தான் ஓடின. விடியுமுன் பால்மரம் வெட்டி, காண்டாவில் வாளி சுமந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ரப்பர் ஷீட்டைப் புகைபோட விறகு. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் ஆள் வந்தது. இன்று காப்பார் மின்நிலையத்துக்குக் கப்பலில் நிலக்கரி வருகிறது.

வளைந்த முதுகு நிமிர்ந்தது, நல்லதுதான். விறகுக் காலத்துக்குத் திரும்பணும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. "பில் கட்டியாச்சு, இனி என் இஷ்டம்" என்கிறோம். "கூலி கொடுத்தாச்சு" என்றுதானே தோட்டத்துரையும் நினைத்தார்? வாளியை எண்ணினார், களைப்பை எண்ணவில்லை.

நிலக்கரிப் புகையின் பாரத்தைச் சுமக்கப்போவது இன்னும் பிறக்காத பிள்ளைகள். அவர்களுக்கு நாம் கூலிகூடக் கொடுப்பதில்லை.

காசு கொடுத்தால் மட்டும் கடன் தீராது. தேவைக்கு அனுபவிப்பது தர்மம்தான். ஆளில்லாத அறையில் ஏர்கோனும், திருவிழா முடிந்த கோயிலில் விடிய விடிய விளக்கும் எதற்கு? நம்மவர் முதுகை அறிந்த நாம்தான் இதை முதலில் கேட்கணும்.