பூஜ்யத்துக்கு முன்னால ஒரு கணக்கு

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் போன வருஷம் சூரிய மின்தகடு பதித்தார்கள். 2024இல் மத்திய அரசு அறிவித்த திட்டம். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல காரியந்தான். ஆனா அந்த மாடியில துணி காயப்போட எங்களுக்கு அன்னைக்கும் அனுமதி கிடையாது, இன்னைக்கும் கிடையாது. சப் மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கியது, தகடு வந்த பிறகும் எட்டு ரூபாய்தான். 2016இலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டும் அவர் கணக்கில்தான் கழிகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை ஏழு வாசலில் கேட்டுத் திரும்பிய பிறகு கிடைத்த வீடு இது. சூரியன் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். கூரை பொது இல்லையே.

இந்த வீட்டில் வைத்துத்தான் போன மாசம் ஒரு சண்டை நடந்தது. ஒருபக்கம் சூழலியல் இயக்கத் தோழர். மறுபக்கம் என் சித்தப்பா மகன். அனல்மின் நிலையம் ஒன்றில் பதினாலு வருஷமாக ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் வாருகிறவன். 2070க்குள் நிகர பூஜ்யம் என்று 2021இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அதற்கு முன்பே எட்டிவிடுவோம் என்கிறது தமிழ்நாடு. வெளியே விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்றால், நிலக்கரியை நிறுத்தாமல் வழியில்லை என்றார் தோழர்.

"மூடுங்க தோழர், வேணாம்னு சொல்லலை. இருமல் எனக்குத்தான். மூடுன மறுநாள் நான் எங்க வேலைக்குப் போறது, அதைச் சொல்லுங்க."

"உங்க உடம்புக்காகவும்தானே தம்பி பேசுறோம்."

"எங்க உடம்பு இத்தனை நாளா யாருக்கும் ஞாபகம் வரலையே."

தோழர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஆனால் இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு கேள்வி கிடக்கிறது. ஒரு அநியாயத்தை நிறுத்துவதும் அதற்கு ஈடு செய்வதும் ஒன்றா? இந்தக் கேள்வி நம்ம சனத்துக்குப் புதுசு இல்லை. கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013இல் இன்னொரு சட்டம் மறுவாழ்வையும் சேர்த்துப் பேசியது. தடை தாளில் ஏறியது. மறுவாழ்வு வந்துசேராதவர்கள் மறுபடி குழிக்குள் இறங்கினார்கள், செத்தார்கள். மாற்றுவழி இல்லாத தடை, பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்கும்.

மின்சாரத்திலும் இதுதான். 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் நின்றது. பக்கத்திலுள்ள வடசென்னை நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் சோற்றுப் பானை வரைக்கும் படிந்தது. நகரத்துக்குள் மின்விசிறி சுற்றியது. உலை அணைந்தால் புகை நிற்கும். படிந்த சாம்பல் தானாக எழுந்து போகாது. நிகர பூஜ்யம் என்பது வாயுவின் கணக்கு. நுரையீரலின் கணக்கு அதில் எந்தப் பத்தியில் வருகிறது?

'நியாயமான மாற்றம்' என்ற பேச்சைத் தொடங்கியவர்கள் தொழிற்சங்கக்காரர்கள். அமெரிக்காவில் எண்ணெய், ரசாயனத் தொழிலாளர் சங்கத்தின் டோனி மசோக்கி அதில் முன்னோடி. 2038க்குள் நிலக்கரியை நிறுத்த 2020இல் சட்டம் செய்த ஜெர்மனி, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. இங்கே நிரந்தரத் தொழிலாளிக்காவது மாற்றல் உத்தரவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தக்காரனின் நோட்டில் மட்டுமே பெயர் உள்ளவனுக்கு? காற்றாலைக்கும் சூரியப் பூங்காவுக்கும் நிலம் கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் பேசுகிறார்கள். அந்த நிலத்தில் களையெடுத்தவளுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் பட்டா இல்லை. அதனால் இழப்பும் இல்லை என்றாகிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் பார்த்தவர். 1943 அக்டோபரில் மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுவில் பேசியபோது, அது அரசின் கையில் இருப்பதா தனியார் கையில் இருப்பதா என்ற கேள்வியை முன்னால் வைத்தார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் ஏழைகளுக்கு விடிவில்லை என்பது அவர் வாதம். எதிலிருந்து மின்சாரம் என்று மட்டும் நாம் சண்டை போடுகிறோம். யாருடைய மின்சாரம் என்பதை விட்டுவிட்டோம்.

நம்மில் சிலர், 'அவங்க அனுபவிச்சு முடிச்சாங்க, நம்ம பங்கு வர்ற வரைக்கும் நிலக்கரி எரியட்டும்' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிகிற பங்கு நமக்கு எப்போதும் சாம்பலாகத்தான் வந்திருக்கிறது. சூடு ஏற ஏற முதலில் சுருண்டு விழுவதும் வெயிலில் நிற்கிற நம்ம ஆள்தான். மூடத்தான் வேண்டும். ஆனால் தேதி குறிக்கும் முன்னே ஒப்பந்தத் தொழிலாளிகளின் பெயரும் நோயும் பதிவாக வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் அடுக்குமாடிகளின் மாடியில் தகடு ஏறி, அதன் வருமானம் அங்கே குடியிருப்பவர்களுக்கு வரவேண்டும். இது சலுகை இல்லை, பழைய பாக்கி.

அன்றைக்குக் கிளம்பும்போது தோழர் தம்பியிடம், "உங்ககூட எத்தனை பேரு?" என்று கேட்டார். அவன் விரல் மடக்கி ஒவ்வொரு பேராகச் சொன்னான். மூன்று பேர் செத்துப்போனவர்கள். "அவங்களையும் எழுதுங்க தோழர்" என்றான். எழுதினார்.