தந்தை செய்த பிழையும் மைந்தன் சுமக்கும் சுமையும்



பிறந்து ஒரு நாளே ஆன குழந்தை பாவியாகுமா? இவ்வினா கிறித்தவச் சிந்தனையாளர்களை ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வாட்டி வந்துள்ளது. பிற சமயத்தார் கொள்கையைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவர்தம் நிலையில் நின்று அதனை அறிந்து, நம் நெஞ்சையும் சோதித்துக் கொள்வதே நோக்கமாம்.

ஆதி மனிதனாகிய ஆதாம் இறைவன் ஆணையை மீறினான். அப்பிழை அவன் வழிவந்தோர் அனைவரையும் பற்றிற்று என்பது ஜென்மப் பாவக் கொள்கை. பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் இதற்கு அடிப்படை. இதனை விரித்து நிலைநாட்டியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தீன் (354–430). மனிதன் தன் முயற்சி ஒன்றால் நன்னெறி நிற்றல் இயலாது. இறையருள் முன்வந்து தாங்குதல் வேண்டும் என்றார் அவர். பிரிட்டனில் தோன்றிய பெலாஜியஸ் என்பார் இதனை மறுத்தார். ஒருவன் குற்றம் மற்றவனைச் சாராது. நன்மையைத் தேரும் ஆற்றல் எவர்க்கும் உண்டு என்பது அவர் துணிபு. 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் பேரவை இவர் தரப்பினர் கொள்கையைக் கண்டித்தது.

ஆயின், திருமுழுக்குப் பெறாமலே இறக்கும் சிசுவின் கதி யாது? மிக மென்மையானதாயினும் தண்டனை உண்டு என்றார் அகுஸ்தீன். இதனை ஏற்க மனம் ஒவ்வாத பிற்காலத்தார், துன்பமும் இறைக்காட்சியும் இல்லாத ஒரு நிலையைக் கருதினர். 2007ஆம் ஆண்டில் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அக்குழந்தைகளும் மீட்படைவர் என நம்புதற்கு இடமுண்டு என உரைத்தது. கீழைத் திருச்சபையினரோ, ஆதாமிடமிருந்து வருவது சாவும் நலிவுமே, குற்றமன்று என்பர்.

நம் நெறியில் ஒருவர் வினையை மற்றவர் நுகர்தல் இல்லை. தீர்த்தங்கரர் வழி காட்டுவார். நடத்தல் நம் கடன். எனினும், உயிர் தூயதாய்த் தொடங்கிப் பின்னர்க் கெட்டது என நாமும் கூறுவதில்லை. மண்ணொடு கலந்த பொன்போல் அநாதியாகவே வினையொடு கூடியது என்கிறோம். ஆகவே, மனிதனின் இன்றைய நிலை குறையுடையது என்பதில் இரு நெறியும் ஒன்றுபடும். அக்குறை எவர் பொறுப்பு, எதனால் நீங்கும் என்பதிலேயே வேறுபடும்.

இங்கு நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. "என் முயற்சியால் உயர்ந்தேன்" என்பவன் செருக்கு என்னும் கசாயத்துக்கு இரையாவான். அருட்கொள்கை கற்பிக்கும் பணிவு அவனுக்கு நன்மருந்து. நோயுற்ற குழந்தையைக் கண்டு "அதன் பழவினை" எனச் சொல்லி விலகுபவனோ, பிறந்த குழந்தையைப் பாவி என்றவரைக் குறைகூறும் தகுதியை இழந்தவன். நற்காட்சியின் அடையாளங்களுள் இரக்கமும் ஒன்றன்றோ?

வினைக்கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்ளக் கிடைத்த கண்ணாடி. அயலார் துயரை நிறுக்கும் துலாக்கோல் அன்று. சிந்திப்போமாக!