அழைப்பும் விலையும்: ஓர் அறவியல் நோக்கு

ஐரோப்பிய ஆடம்பர ஆடையணி நிறுவனங்களிடையே ஒரு வழக்கம் நிலைபெற்றுள்ளது. புதிய பருவத்துக்குரிய ஆடைத்தொகுதி பொதுவிற்பனைக்கு வருவதற்கு முன்னர், தெரிந்தெடுக்கப்பட்ட வாடிக்கையாளர் சிலர் மட்டும் அதனைக் காணவும் வாங்கவும் அழைக்கப்படுவர். அவ்வேளையிற் கடையின் கதவு ஏனையோருக்கு அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே மதுவும் சிற்றுண்டியும் பரிமாறப்படும். வந்தவரை நன்கறிந்த விற்பனையாளர் ஒருவர் அவருக்குத் துணைநிற்பார். பழைய சரக்கைக் கழிக்கும் மலிவு விற்பனை அன்று இது. பெரும்பாலும் விலையில் ஒரு சதமும் குறைக்கப்படுவதில்லை. ஆயினும் வாங்குபவர் நன்றி கூறியே விடைபெறுகின்றார். முழு விலையையும் கொடுத்தவர் எதற்காக நன்றி கூற வேண்டும்?

தோர்ஸ்ரைன் வெப்லன் 1899இல் வெளியிட்ட, ஓய்வு வர்க்கம் பற்றிய நூலைப் பயின்றோர், செல்வர் தம் செல்வத்தைப் பிறர் காணச் செலவிடுகின்றனர் என்று உடனே விடையிறுப்பர். அவ்விடை பிழையன்று, ஆனாற் போதாது. அடைத்த கதவின் பின்னே நிகழ்வதைத் தெருவிற் செல்வோர் காண்பதில்லை. அங்கே காண்பவர் கடைக்காரர். அவர் தம்மைத் தெரிந்தெடுத்தார் என்பதே வாங்குபவரை மகிழ்விக்கின்றது. பைக்கு விலை உண்டு. அழைப்புக்கு விலை குறிக்கப்படவில்லை. நன்றி அழைப்புக்கே உரியது.

இதனை விளங்கிக்கொள்ளப் பாரிஸ் நகர வாணிபத்தின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்குக் கடையொன்றினுட் புகுந்தவர் ஏதேனும் வாங்கியே வெளியேற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. விலையும் ஆளுக்கு ஆள் மாறுபட்டது. 1852இல் பொன் மார்ஷே கடையிற் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்ரிட் பூசிக்கோ, பொருளின் மீது விலையைக் குறித்து வைத்தார்; எவரும் உட்புகலாம், வாங்காமலும் திரும்பலாம் என்றார். இம்முறைகளை முதன்முதற் கண்டவர் அவரல்லர். பெரிய அளவில் நிலைநாட்டியோருள் அவர் முதன்மையானவர். அறவுணர்வு அவரைத் தூண்டியதெனக் கொள்ள வேண்டியதில்லை. சிறு இலாபத்தில் விரைவாக விற்பதே அவர் நோக்கம். அத்தகைய கடை அயலிலுள்ள சிறு வணிகரை எவ்வாறு விழுங்கியது என்பதை எமில் சோலாவின் 1883ஆம் ஆண்டு நாவல் காட்டுகின்றது. இருப்பினும், குறிக்கப்பட்ட விலை ஒரு நன்மையைச் செய்தது: அது வாங்குபவரின் குலத்தையும் முகத்தையும் கேட்கவில்லை. பணம் மனித உறவுகளை வெறுங் கணக்காக்குகின்றது என நாம் சாடுகின்றோம், அச்சாடல் நியாயமானதே. ஆனாற் பணத்தின் அந்தப் பாராமுகத்திலும் ஒரு சிறு சமத்துவம் இருந்தது. (பணமில்லாதவனுக்கு அதனாற் பயனில்லை என்பது வேறு விடயம்.) தனிவிற்பனை அச்சிறு சமத்துவத்தையும் மீளப் பறித்துக்கொள்கின்றது. அதே பொன் மார்ஷே இன்று எல்.வி.எம்.எச். என்னும் ஆடம்பரப் பண்டக் குழுமத்தின் உடைமையாயிருத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தனியே காட்டி விற்பது புதிதன்று என ஒருவர் மறுக்கலாம். 1858இல் பாரிசில் ஆடையகம் தொடங்கிய சாள்ஸ் பிரெடெரிக் வேர்த், தாம் வகுத்த ஆடைகளைப் பெண்களுக்கு அணிவித்து வாடிக்கையாளருக்குக் காட்டினார் என்பது உண்மை. ஆனால் அவை ஒவ்வொருவர் உடலுக்கும் அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. அங்குத் தனிமை தொழிலின் தேவையாயிருந்தது. தைத்து முடிந்து பெட்டியில் வந்த கைப்பைக்கு அத்தகைய தேவை எதுவுமில்லை. அங்கே கதவு அடைக்கப்படுவது அடைப்பின் பொருட்டே.

அக்கதவின் திறவுகோல் எது? பெயின் ஆலோசனை நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டவாறு, வாடிக்கையாளருள் மேல்நிலையிலுள்ள 2 சதவீதத்தினரே ஆடம்பரப் பண்ட விற்பனையில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் காரணராயினர். ஆகவே அழைப்புப் பட்டியல் முன்னைய கொள்வனவை ஒட்டி அமைவதில் வியப்பில்லை. ஹேர்மேஸ் நிறுவனம் நடிகை ஜேன் பேர்க்கினின் பெயரால் 1984இல் ஆக்கிய கைப்பையைப் பெற வேண்டுமாயின், முதலில் அந்நிறுவனத்தின் வேறு பொருட்களை வாங்கியிருத்தல் வேண்டும் எனக் குற்றஞ்சாட்டி, 2024இல் கலிபோர்னியாவில் வழக்கொன்று தொடரப்பட்டது. நிறுவனம் அதனை மறுத்தது. 2025இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. போட்டிச் சட்டத்தின்படி அத்தீர்ப்புச் சரியாகவே இருக்கலாம். கைப்பை கிடையாதவருக்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிட்டதென நானும் கருதவில்லை. தீங்கு கதவுக்கு உள்ளேதான் உளது.

தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அப்பொருளிலேயே அதனை ஆள்கின்றது. புதிதாய் வந்தவரையும் அவருக்கு இடும் உணவையும் அச்சொல் குறிக்கும். முன்னறியாதவர் என்பதே விருந்தினரின் இலக்கணம்; அவர் என்ன தருவார் என்று கணக்கிடாமையே விருந்தோம்பலின் அறம். தனிவிற்பனையிற் புதுமை ஆடைக்கு மட்டுமே உண்டு. அழைக்கப்பட்டவரோ முற்றும் அறியப்பட்டவர். அவருடைய முன்னைய கொள்வனவு யாவும் பதிவேட்டிற் கிடக்கின்றது. விருந்தின் சடங்குகள் எல்லாம் உள. விருந்தினர் மட்டும் இல்லை.

விற்பனையாளரின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. வாடிக்கையாளரின் பிறந்தநாள், பிள்ளைகளின் பெயர், விரும்பும் நிறம் ஆகியவற்றைக் குறித்துவைத்து, வாழ்த்தனுப்பி, நலம் விசாரிப்பது அவருடைய தொழிற்கடமை. அக்குறிப்புகள் நிறுவனத்தின் சொத்து. அவர் வேலையை விட்டு நீங்கின் அவை அவரோடு செல்வதில்லை. கான்ற் 1785இல் விலையுடையவற்றையும் மாண்புடையவற்றையும் வேறுபடுத்தி, விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடில்லை என்றார். நலம் விசாரிக்கும் குரல் இவற்றுள் எதனைச் சார்ந்தது? கடைகளில் வழங்கும் மரியாதை முழுவதும் பொய்யென்று கூறுதல் கொடுமை. பல்லாண்டுப் பழக்கத்தில் மெய்யன்பும் முளைக்கக்கூடும். ஆனால் அது மெய்யா பொய்யா என்பதை இருவருள் எவருமே அறிய இயலாத நிலையை இந்த ஏற்பாடு உண்டாக்குகின்றது. இதனையே நான் தீங்கு என்கின்றேன்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. நிலையான சமாதானம் பற்றி 1795இல் எழுதிய நூலில் கான்ற், பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் விதி பகிரங்கமாக்கப்படுதலைத் தாங்காதெனின் அச்செயல் முறையற்றது என்றார். அவர் அரசியலைக் கருதினார். வாணிபத்துக்கும் அதனைப் பொருத்திப் பார்க்கலாம். எவ்வளவு பயணம் செய்தவருக்குத் தமது ஓய்வுக்கூடம் திறக்கும் என்பதை விமான நிறுவனங்கள் வெளிப்படையாகவே அறிவிக்கின்றன. அங்கு நுழைபவர் நெகிழ்ந்து நன்றி கூறுவதில்லை, ஏமாறுவதுமில்லை. ஆடையகமும், இவ்வாண்டு இத்தனை யூரோ செலவிட்டவர் மட்டும் வருக என வாயிலில் எழுதிவைக்கலாம். அழைப்பு அப்பொழுது கட்டணச்சீட்டாகிவிடும்; அதனாலேயே அது எழுதப்படுவதில்லை. வாங்குவதைக் குறைத்துக்கொண்டவருக்கும் எவரும் எதையும் அறிவிப்பதில்லை. அடுத்த பருவத்தில் அழைப்பு வராது, அவ்வளவே.