ஏரி தெரியும் அறை

விடுமுறைக்குப் போகிற இடத்தில் தங்க ஓர் அறையைத் தேர்ந்தெடுப்பது சாதாரண லௌகீகக் காரியம். பணம், சுத்தம், சௌகரியம், குழந்தைகளின் வயது இவற்றைக் கணக்கிட்டு முடித்துவிடலாம். இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் இந்தக் காரியத்துக்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. ஓர் அறையின் ஜன்னலில் ஏரி தெரிகிறது. பக்கத்து அறையில் தெரியவில்லை. முதல் அறைக்கு வாடகை கூடுதல். இரண்டிலும் கட்டில் ஒன்றுதான், குழாயில் வருகிற தண்ணீர் ஒன்றுதான். அதிகப்படிப் பணம் பார்ப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. பார்வைக்கு விலை வந்துவிட்ட பிறகு, பார்ப்பது என்றால் என்ன, அழகு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளை விடுதிக்காரரின் பொறுப்பில் விட்டுவிட முடியாது. பயன் கருதாமல் பார்ப்பது என்ற ஒன்றை உயர்த்திப் பிடித்து வந்தவர்கள் கவிதை எழுதுகிறவர்களும் ஓவியம் தீட்டுகிறவர்களும்தான். அவர்களுக்கு இதில் பங்கு உண்டு.

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு தலைமுறைக்கு முன்பு இந்தத் தேர்வு பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போகத்தான் செய்தார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு, ஆடி அமாவாசைக்குச் சுருளிக்கு, மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்கு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. தங்கியது மண்டபத்தில், சத்திரத்தில், மாமன் வீட்டுத் திண்ணையில். எங்கே போவது என்பதைத் தெய்வமோ உறவோ தீர்மானித்தது. இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. சத்திரத்தில் யாருக்கு எந்த மூலை என்பதைச் சாதி தீர்மானித்தது. பணம் கொடுத்தவனுக்கு அறை என்ற ஹோட்டலின் விதி அந்த மட்டில் ஒரு விடுதலை. ஆனாலும் சத்திரத்துக்கும் திண்ணைக்கும் வந்தவன் அந்த இடத்துக்கு ஏற்கனவே ஏதோ ஒரு விதத்தில் கட்டுப்பட்டவனாக வந்தான். இடம் அவனைக் கேள்வி கேட்கும் உரிமையோடு இருந்தது. இன்று வருகிறவனுக்கு அந்தக் கட்டு இல்லை. அவன் தேர்ந்தெடுத்து வருகிறான்.

எதை என்று பார்க்க, நமக்கு மேலேயே மலையில் இருக்கும் தேக்கடி போதும். கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறுகிற மலைச்சாலையில் விடியற்காலையில் ஜீப்புகள் போகும். அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்டத்துக் கூலிவேலைக்குப் போகிற பெண்கள். சற்று நேரம் கழித்து அதே சாலையில் சுற்றுலா வேன்கள் ஏறும். அந்தச் சாலையை ஒட்டியே, ராட்சதக் குழாய்களில், ஏரியின் தண்ணீர் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கும். லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிவிட்டு, பிறகு கால்வாய்களில் ஏறி வயலுக்குப் போகும். வேனில் போகிறவர்கள் பார்க்கப் போவது இந்தத் தண்ணீரைத்தான்.

தேக்கடி ஏரி இயற்கையானதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1886-ல் எண்ணாயிரம் ஏக்கரை, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகையில், 999 வருஷக் குத்தகைக்கு விட்டது. அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் என்ற எஞ்சினியரின் தலைமையில் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அணை 1895-ல் திறக்கப்பட்டது. கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு காடு முழுகியது. முழுகிய மரங்களின் பட்டுப்போன அடிகள் நூறு வருஷத்துக்கு மேலாக நீருக்கு வெளியே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். தேக்கடிக்கு வருகிற எல்லோரும் முதலில் படம் எடுப்பது இந்த மரங்களைத்தான்.

ஏரிக்குள், படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு மேட்டில், திருவிதாங்கூர் மன்னர்களின் கோடை மாளிகை இருக்கிறது. பின்னால் அது கேரள அரசின் சுற்றுலாக் கழகத்து ஹோட்டலாகியது. விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய அறைகள். எல்லா ஜன்னலிலும் நீர் தெரியும். தீவு என்றே பலரும் அதைச் சொல்கிறார்கள். பள்ளத்தாக்கை முழுகடித்ததால் தீவு போலாகிவிட்ட ஒரு குன்றின் உச்சி அது.

இந்த மாளிகையை நினைக்கும்போது இம்மானுவேல் கான்ட் 1790-ல் எழுதிய ஒரு பகுதி தவிர்க்க முடியாமல் முன்னால் வருகிறது. அழகைப் பற்றிய தீர்ப்பு எந்த ஆசையும் தேவையும் கலவாததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் அரண்மனை. இது அழகாக இருக்கிறதா என்று கேட்டால் ஒருவன் வேறு என்னென்னவோ பதில் சொல்லலாம் என்கிறார். இப்படி வாயைப் பிளந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை எனக்குப் பிடிக்காது எனலாம். வேண்டாத பொருள்களுக்காக ஜனங்களின் வியர்வையைச் செலவழிக்கிற பெரிய மனிதர்களை ஏசலாம். ஆளில்லாத ஒரு தீவில் தனியே இருந்தால், மனசில் நினைத்த மாத்திரத்தில் இப்படியொரு அரண்மனை எழும் என்றாலும், சௌகரியமான குடிசை ஒன்று இருக்கும்வரை அந்தச் சிரமம்கூடப் படமாட்டேன் எனலாம். இவையெல்லாம் சரியாகவே இருக்கலாம், ஆனால் கேள்வி இதுவல்ல என்று கான்ட் ஒதுக்கிவிடுகிறார். அரண்மனையும் வியர்வையும் தீவும் ஒரே பத்தியில் வந்து, மூன்றும் கணக்கிலிருந்து தள்ளப்படுகின்றன. மிஞ்சுவது தோற்றம் மட்டும்.

கான்ட்டைக் குறைசொல்வது சுலபம். வியர்வையை ஒதுக்கிவிட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவர் காப்பாற்ற நினைத்தது நமக்கும் வேண்டியதே. எல்லாவற்றையும் பயனால் அளந்தால் கவிதைக்கு இடமில்லை. தேக்கடித் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் பாசனமாக மட்டும் பார்க்கிற கண்ணும் முழுமையான கண் அல்ல. அணையில் எத்தனை அடி என்று காலையில் பேப்பரில் பார்க்கிற விவசாயிக்கு ஏரி ஒரு எண். 104 அடிக்குக் கீழே போனால் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. அவனுக்கு அதற்குமேல் கவிதை தேவைப்படாமல் இருக்கலாம். அதை அவன் குறை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவனுடைய கண்ணே போதும் என்று சொல்வதும் பொய்.

ஆகவே கேள்வியை வேறு மாதிரி வைக்க வேண்டியிருக்கிறது. ஏரி தெரியும் அறையின் பார்வை, கான்ட் சொன்ன ஆசை கலவாத பார்வைதானா?

இல்லை என்று தோன்றுகிறது. முதலாவது காரணம், அந்தப் பார்வை முன்கூட்டியே பார்த்து முடிக்கப்பட்டது. அறையைத் தேர்ந்தெடுக்கிறவன் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். மூடுபனி, பட்ட மரம், கரையில் ஒரு யானைக் கூட்டம். பிறகு அவன் செய்கிற பிரயாணம் படத்தை நிஜத்தோடு ஒத்துப்பார்க்கிற காரியம். யானை வராவிட்டால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறான். கோடையில் தண்ணீர் இறங்கிச் செம்மண் கரை தெரிந்தால், ஏரி நன்றாக இல்லை என்கிறான். ஆனால் தண்ணீர் இறங்கியிருப்பது ஏரி தன் வேலையைச் செய்திருப்பதன் அடையாளம். கீழே எங்கோ நாற்று நடப்பட்டிருக்கிறது. நிறைந்த ஏரி இருவருக்கும் வேண்டும். ஒருவனுக்கு அது நிறைந்தே இருக்க வேண்டும், மற்றவனுக்குக் குறைய வேண்டும்.

இரண்டாவது காரணம், தங்கிய பிறகு அவன் மதிப்பெண் போடுகிறான். தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள் உண்டு. தொல்காப்பியம் அந்தச் சொல்லை அப்படியே செய்யுள் இலக்கணத்தில் பயன்படுத்துகிறது. வாசலுக்கு வந்த புதியவனே விருந்தாகவும் இருந்தான். வீட்டுக்காரனுக்கு அவன் புதுமை. அவன் முன்னால் வீடு கொஞ்சம் கூசி நின்றது, அவனும் வீட்டின் முன்னால் கூசி நின்றான். இப்போது வருகிறவன் ஐந்துக்கு எத்தனை என்று சொல்லிவிட்டுப் போகிறான். பரீட்சை பேப்பர் திருத்துகிற மனநிலையில் அழகு அனுபவம் நிகழ்வது கடினம். அழகின் முன்னால் மனிதன் தன் கணக்கை ஒரு நிமிஷமாவது கீழே வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அது தீவு என்ற ஆசை. ஓய்வு என்றதும் வெயிலும் கடலும் சூழ்ந்த ஒரு தீவு மனசில் வருவானேன்? நம் பயண ஏஜென்டுகள் புதுத் தம்பதிகளுக்கு மாலத்தீவையும் அந்தமானையும் விற்கிறார்கள். மாலத்தீவில் 1972-ல் சுற்றுலா ஆரம்பமானபோது ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை வந்தது. விடுதிகள் ஆள் குடியிராத தீவுகளில் எழுந்தன. ஊர்க்காரர்கள் வாழும் தீவுகளில் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு 2009-ஐ ஒட்டித்தான் வழிவிட்டார்கள். அதாவது பல வருஷங்கள் அங்கே விற்கப்பட்ட வெயில், அண்டைவீட்டுக்காரன் இல்லாத வெயில். அங்கே இருக்கிற மனிதர்கள் எல்லோரும் நமக்குப் பரிமாறவே இருக்கிறார்கள். ஒருவனுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. தீவு என்ற கனவின் சாரம் கடலில் இல்லை, இந்தப் பதில் சொல்ல வேண்டாத நிலையில் இருக்கிறது. வெயில் நம் பள்ளத்தாக்கிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதில் நின்று களை எடுக்கிறவர்கள் கூடவே இருப்பதால் அதை யாரும் விலைக்குக் கேட்பதில்லை.

தேக்கடி மாளிகையில் இந்தக் கனவு பலிப்பதில்லை. அங்கே நீர் நம்மை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதற்குப் பதில் மற்றவர்களோடு சேர்க்கிறது. காட்டுக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டுக் குமுளி ஓரத்தில் குடியேற்றப்பட்ட மன்னான்களும் பளியர்களும் அதன் ஒரு கரை. அவர்களில் சிலர் இன்று வருகிறவர்களை மூங்கில் தெப்பத்தில் ஏற்றி, தங்கள் காட்டைத் தாங்களே சுற்றிக்காட்டுகிறார்கள். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் உள்ள வயல்கள் இன்னொரு கரை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில், பழைய அணை என்று பயத்தோடு தூங்குகிறவர்கள் மூன்றாவது கரை. அந்தப் பயமும் பாவனையல்ல. 1979-ல் நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி என்றது. நீர் இறங்கிய கரையில் விடுதிகள் முளைத்துவிட்டன, அதனால்தான் நீரை ஏற விடமாட்டேன் என்கிறார்கள் என்ற பேச்சு பள்ளத்தாக்கில் நெடுநாளாக உண்டு. ஆனவச்சாலில் கார்கள் நிறுத்துகிற இடம் குத்தகை நிலத்துக்கு உள்ளா வெளியேயா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. 2011 டிசம்பரில், சுற்றுலா சீசனின் உச்சத்தில், குமுளி எல்லை நாட்கணக்கில் அடைபட்டது. தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகள் மலையிறங்கி ஓடி வந்தார்கள். அந்த மாதத்தில் ஏரி வழக்கம்போல அழகாகத்தான் இருந்திருக்கும்.

1970-ல் குத்தகை திருத்தப்பட்டது. வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போயிற்று. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு வந்தது. நிலம், நீர், மீன், மின்சாரம் எல்லாவற்றுக்கும் உரிமை பங்கிட்டாயிற்று. இன்று ஏரி தெரியும் ஜன்னல் எதை விற்கிறதோ அதற்கு வாடகை என்று யாரும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அழகைப் பங்கிட முடியாது என்பதால் அல்ல, அது விற்பனைக்கு வரும் என்று முதலில் எழுதினவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

இதைச் சொல்லும்போது பள்ளத்தாக்கைக் குற்றமற்றதாக்கிவிடக் கூடாது. பென்னிகுயிக்கின் படத்துக்கு மாலை போடுகிற நம் வீடுகளில் முழுகிப்போன காட்டைப் பற்றிய நினைவு இல்லை. தேக்கடியிலிருந்து இறங்குகிற வேன்கள் இன்று கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் நிற்கின்றன. பந்தலுக்கடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னீர் திராட்சைக்கு மருந்தடிக்கிறவன் படத்தின் ஓரத்தில்கூட விழாதபடி நகர்ந்துகொள்கிறான். நாமும் ஒரு காட்சியாகிக்கொண்டிருக்கிறோம், அதில் கொஞ்சம் காசும் வருகிறது. மேகமலையில் தேயிலையின் மேல் பனி பார்க்க அறை தேடுகிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

போகவே கூடாது என்று இதற்கு முடிவு சொல்ல முடியாது. போகாதவன் புனிதனாகிவிடுவதில்லை, ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு அதனால் ஒரு ரூபாய் கூலி கூடப்போவதும் இல்லை. அழகைப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு வெட்கப்பட வேண்டிய ஆசையும் அல்ல. ஆனால் ஆசை கலவாமல் பார்ப்பது என்ற சொற்றொடரை நாம் உண்மையாகவே எடுத்துக்கொண்டால், அதன் பொருள் கான்ட் நிறுத்திய இடத்தைத் தாண்டி ஓர் அடி போக வேண்டியிருக்கிறது. ஒரு பொருள் எனக்காக இல்லை, நான் வருவதற்கு முன்பும் போன பின்பும் அது வேறு யாருக்காகவோ வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறது என்ற பிரக்ஞையோடு பார்ப்பதுதான் ஆசை கலவாத பார்வை. வியர்வையைக் கணக்கிலிருந்து தள்ளினால்தான் அழகு தெரியும் என்பது தப்பு. தள்ளிவிட்டால் தெரிவது நம்முடைய விருப்பத்தின் நிழல் மட்டுமே.

அறையைத் தேர்ந்தெடுக்கிறவன் ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்கிறான். கேட்கட்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியையும் அவன் கூடவே வைத்துக்கொள்ள முடியுமானால், கோடையில் இறங்கிய கரையும் அவன் கண்ணுக்கு ஏரியாகவே தெரியும்.