பலருக்காகச் சிலர்

பலரைக் காக்கும் பொருட்டுச் சிலரைப் பலியிடுதல் அறமாகுமா? 'கிங்டம்' என்னும் கொரியத் திரைத்தொடரைக் கண்டபின் இவ்வினா நம்மை உறங்கவிடவில்லை. கிம் உன்-ஹீ என்னும் அம்மையார் எழுதிய அத்தொடர் 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது.

கதை பழைய சோசன் அரசில் நிகழ்கிறது. இறந்தோர் எழுந்து உயிருள்ளோரைக் கடிக்கின்றனர். கடியுண்டோரும் அவ்வாறே ஆகின்றனர். இளைஞர்கள் இதன் வாட்போரையும், மாந்தர் அணிந்த பட்டாடைகளையும், குதிரைமயிரும் மூங்கிலும் கொண்டு செய்த கரிய தொப்பிகளையும் வியந்து பேசுகின்றனர். அழகு உண்மையே. ஆயினும் அத்தொப்பி உயர்குடியின் அடையாளம் என்பதை மறத்தலாகாது.

இக்கொடுமை எங்குத் தொடங்கிற்று? சப்பானியப் படையை எதிர்க்கப் போதிய வீரர் இல்லாத காலத்தில், சோ ஹாக்-சூ என்னும் பெருந்தலைவன் ஒரு வழி கண்டான். தொழுநோயாளரும் எளியோரும் வாழ்ந்த ஒரு சிற்றூர் மக்களைக் கொன்று, மூலிகையால் பிணங்களாக எழுப்பிப் பகைவர்மீது ஏவினான். நாடு பிழைத்தது. ஆன் ஹியோன் என்னும் தளபதியும் அதற்கு உடன்பட்டார். அவர் கொடியவர் அல்லர். மக்கள் போற்றிய நல்லவர். இதுவே நம்மை அஞ்சச் செய்கிறது.

நாம் நூற்பாலையில் பணியாற்றிய நாளில் ஆட்குறைப்பு வந்தது. "ஆலை நிலைக்க வேண்டுமானால் சிலர் போகத்தான் வேண்டும்" என்றனர். அச்சிலர் எவர்? பஞ்சுத் தூசியை விழுங்கி இருமிக்கொண்டிருந்தோரின் பெயர்களே பட்டியலில் முதலில் நின்றன. நம் பெயர் அதில் இல்லை. நாம் வாய் திறக்கவில்லை. வீடு சென்று நிம்மதியாக உண்டோம். பட்டியல் எழுதியவர் பிறர்; எனினும் அன்றைய நம் மௌனம் நம்முடைய வினையே.

அன்பர்களே, 'பலருக்காகச் சிலர்' என்போர் அச்சிலருள் தம்மை ஒருபோதும் வைப்பதில்லை. பேச நாவற்றவரே எப்பொழுதும் அவ்விடத்தில் நிறுத்தப்படுகின்றனர். தன்னை ஈதல் தியாகம். பிறனை ஈதல் கொலை. இரண்டிற்கும் ஒரே பெயரிடுவதே முதற் பொய்.

ஆன் ஹியோன் இதனை இறுதியில் உணர்ந்தார். தாம் இறந்தபின் தம் உடலையும் அவ்வாறே எழுப்பி, குற்றத்திற்குச் சான்றாக்கும்படி ஏற்பாடு செய்தார். அதனால் மாண்டவர் மீளவில்லை. ஆனால் மறைக்கப்பட்ட உண்மை வெளிப்பட்டது.

பட்டத்து இளவரசன் இ சாங் வேறொரு சோதனைக்கு ஆளானான். அரசகுழந்தை எனப் பொய்யாக அறிவிக்கப்பட்ட ஒரு சிசுவே அவனுக்கும் அரியணைக்கும் இடையே நின்றது. ஓர் உயிரை நீக்கினால் நாட்டில் குழப்பம் நீங்கும் என்னும் பழைய கணக்கே அவன்முன் மீண்டும் வந்தது. அவன் அக்குழந்தையைக் கொல்லவில்லை. தான் இறந்துவிட்டதாக உலகம் கருதும்படி செய்து, அரசை அதற்கே விட்டு விலகினான்.

இவ்விளவரசன் துறந்தது தனக்குரியதை. அப்பெருந்தலைவன் கொடுத்ததோ பிறர் உயிரை. இனி எவரேனும் நம்மிடம் ஒரு பட்டியலை நீட்டி, "பலர் நன்மைக்காக" என்பாராயின், நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: "இதில் உம் பெயர் உளதா?" அன்று ஆலைவாயிலில் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.