மறுவாழ்வும் கயிறு பிடிப்பவனும்

மறுவாழ்வு என்ற சொல்லை நாம் யோசிக்காமலேயே புழங்கிவருகிறோம். சிறையிலிருந்து வருபவனுக்கு மறுவாழ்வு, குடியை விட முயல்பவனுக்கு மறுவாழ்வு மையம். சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பழைய ஆள் செத்தொழிய வேண்டும், புதிய ஒருவன் வந்து நிற்க வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும் என்பது அது. திருந்துவது முழுக்கத் திரும்பி வருபவனின் காரியம் என்று இதிலேயே முடிவாகிவிடுகிறது. கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு இதில் ஏதும் வேலை உண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

இன்று இதற்கு ஒரு பாடத்திட்டமும் உண்டு. வாழ்க்கைத் திறன் பயிற்சி என்று பெயர். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தன்னையறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மன நெருக்கடியைச் சமாளித்தல் என்று பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொகுத்தது. அந்தப் பட்டியல் பின்னால் சிறைக்கும் குடிநோயாளிகளின் மையங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. சனிக்கிழமைக் கூலியைச் சிதறாமல் வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைதான். என் ஆட்சேபம், பாடம் ஒரு தரப்புக்கு மட்டும் நடக்கிறது என்பது. திறன்கள் எல்லாம் கைவசம் இருந்த ஒருவர் சிறையிலிருந்து திரும்பியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சியம் இருக்கிறது.

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1912 டிசம்பர் 24 அன்று கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர். 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, அது மேல்முறையீட்டில் குறைந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் தொழில் செய்யச் சன்னதும் இல்லை. சென்னையில் அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்தனுப்பிய 347 ரூபாய் 12 அணாவுக்காக 1915லும் 1916லும் கடிதங்கள் போய்வந்தன. கப்பல் வாங்கியவர் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கடிதம் எழுதி நின்றார் என்பதை ஒரு குமாஸ்தாவாக நான் படிக்கும்போது, அந்தப் பன்னிரண்டு அணா மனதை விட்டு அகல மறுக்கிறது.

அவருக்கு என்ன திறன் குறைவு? முடிவெடுக்கத் தெரியாதா, மனிதர்களிடம் பேசத் தெரியாதா? சிறையில் இருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலனை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது 1909இல் வெளியாயிற்று. மெய்யறமும் மெய்யறிவும் சிறையில் உருவானவையே. இன்றைய பயிற்சியாளர் கைதிக்குச் சொல்வது எதுவோ அதை அவர் அன்றே கைதியாக இருந்து தமிழில் எழுதிவைத்தார் என்று சொன்னால் மிகையில்லை. எண்ணமே மனிதனையும் அவன் சூழ்நிலையையும் ஆக்குகிறது என்பது ஆலனின் சித்தாந்தம். செக்கில் பூட்டப்பட்ட மனிதனுக்கு இது அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும். அப்படிப் படவில்லை. எல்லாவற்றையும் பறிகொடுத்தவனிடம் எஞ்சியிருப்பது மனம் ஒன்றுதான். அதை அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இதில் ஆலனின் பக்கம் உண்மை இருக்கிறது. ஆனால் சூழ்நிலை என்பதில் பாதி மற்றவர்களின் மனம். அந்தப் பாதியை அவருடைய எண்ணம் தொடவில்லை.

பின்னால் சன்னது திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. நன்றிக்காகத் தம் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரம் பிள்ளை. தண்டித்த ஆட்சியின் நீதிபதி பெயரைத் தண்டிக்கப்பட்டவர் பிள்ளைக்கு இடுகிறார். சரித்திரப் பாடத்தில் இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். எனக்கு இது முழு விஷயத்தின் சாரமாகத் தோன்றுகிறது. ஒருவர் தம் பெயரைப் பணயம் வைத்து 'இவர் தொழில் செய்யட்டும்' என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த மதிப்பு, அவரிடம் ஏற்கனவே இருந்த திறன்கள் அத்தனைக்கும் சேர்த்து இல்லை.

அவர் அரசியல் கைதி, திருடனையும் கொலைகாரனையும் அவரோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்கலாம். குற்றத்தை நான் சேர்க்கவில்லை, வரவேற்பைத்தான் சேர்க்கிறேன். ஊரே போற்றிய ஒருவருக்கு இதுதான் நடந்தது என்றால், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து துணிப்பையோடு பஸ் ஏறுகிறவனுக்கு என்ன நடக்கும்? எங்கள் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சி.யின் பெயர் வைத்தார்கள். துறைமுகங்களில் நீண்ட நாள் நுழைவுச் சீட்டுக்குக் காவல்துறைச் சான்று கேட்பது வழக்கம். அந்தப் பெயரின் சொந்தக்காரர் 1913இல் அப்படியொரு வாசலில் வந்து நின்றிருந்தால் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

குடியின் விஷயம் வேறு மாதிரி. இங்கே முதல் அடியை வேறு யாரும் எடுத்துவைக்க முடியாது. கிளாஸைக் கீழே வைக்க வேண்டியது அவன் கைதான். இதை மறுக்கிற எந்த அனுதாபமும் அவனைப் பொம்மையாக்கிவிடும். ஆனால் கீழே வைத்த பிறகு? எங்கள் பக்கத்தில் ஒரு கொத்தனார் ஆறு மாதமாகக் குடிக்காமல் இருந்தார். கல்யாண வீட்டில் ஒருவர், "இன்னைக்கு ஒரு நாள் தானே மச்சான்" என்று தோளில் கை போட்டார். அவர் நகர்ந்த பிறகு அதே ஆள் பக்கத்தில் இருந்தவரிடம், "எத்தனை நாளைக்குன்னு பாப்போம்" என்றார். இவை இரண்டு வேறு செயல்கள் அல்ல. முதலாவது குடிக்கச் சொல்கிறது, இரண்டாவது குடிப்பான் என்கிறது. புதிய மனிதன் இருப்புக் கொள்ள இரண்டுமே இடம் தருவதில்லை. அரசும் ஏறக்குறைய இந்தக் கல்யாண வீட்டு மச்சான்தான். 2003இலிருந்து சில்லறைக் கடைகளைத் தானே நடத்துகிறது. குடிநோய்க்குச் சிகிச்சையும் தானே தருகிறது. இதைக் கவனிக்கும் துறையின் பெயரில் மதுவிலக்கு என்ற சொல் இன்னும் இருக்கிறது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்த இடத்தில் ஒன்றைக் கண்டுகொண்டது. அங்கே ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறார். குடியை விட்டு இருபது வருஷம் ஆனாலும் அப்படியே சொல்கிறார். மறுவாழ்வு என்ற சொல் கேட்கும் மரணம் அங்கே கேட்கப்படுவதில்லை. பழைய மனிதனைக் கூடவே வைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். காவல் நிலையத்தில் ஒருவன் பெயரில் திறக்கப்படும் ஹிஸ்டரி ஷீட்டும் பழைய மனிதனை விடுவதில்லை. வித்தியாசம், சொல்லை யார் உச்சரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. முதலாவதில் அவனே, தன்னைப் போன்றவர்கள் நடுவில், சொல்கிறான். இரண்டாவதில் அவன் இல்லாத அறையில் அவனைப் பற்றி எழுதுகிறார்கள். நினைவு இரண்டிலும் உண்டு. ஒன்று அவனை நிறுத்திவைக்கிறது, மற்றது துரத்துகிறது. விக்தர் ஹ்யூகோவின் கதை 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமானபோது, கைதியைத் துரத்தும் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. துரத்துகிறவனின் பெயர் நம்மிடம் இத்தனை எளிதில் நிலைத்துவிடுகிறது.

சட்டமே துரத்தலைப் பயிற்சி என்று அழைத்த காலமும் உண்டு. 1871ஆம் வருஷத்துக் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவு செய்து, ரேகை எடுத்து, சில இனத்தாரைக் குடியிருப்புகளில் அடைத்து உழைப்பும் ஒழுக்கமும் கற்பித்தார்கள். கற்றவனுக்கு வெளியேறும் நாள் என்று ஒன்று அதில் நிச்சயமாக இல்லை. சந்தேகம் நீங்காத இடத்தில் பயிற்சி என்பது தண்டனையின் இன்னொரு பெயர்.

வங்கியில் நாங்கள் கடனை இரண்டு விதமாக முடிப்போம். முழுதும் அடைத்தவர் கணக்கு முடிந்தது என்று பதிவாகும். வங்கி ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு மீதியை வாங்கிக்கொண்டால் செட்டில்டு என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அந்தச் சொல் குறுக்கே வரும். இது கறாரான ஏற்பாடு. ஆனால் இதில்கூட, முழுதும் அடைத்தவனைத் தள்ளுபடி வாங்கியவனாக எழுதுவதில்லை. நீதிமன்றம் எழுதிய மூன்று வருஷத்தை ஒரு நாள் குறையாமல் கழித்து வந்தவனை நாம் அப்படித்தான் எழுதுகிறோம். நாலாவது வருஷத்தை விதிப்பது யார்? அதற்குத் தீர்ப்பு நகல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது, முடியும் தேதியும் கிடையாது.

அப்படியானால் எல்லோரும் மன்னித்துவிட வேண்டுமா? இல்லை. மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் சொத்து. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. குடிகாரனின் மனைவி பட்ட அடியை நான் எந்த உரிமையில் மன்னிப்பேன்? மறந்துவிட வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. மறதி ஒரு பொய். நம்மிடமிருந்து நியாயமாகக் கேட்கக்கூடியது இதைவிடச் சிறியது, ஆனால் செலவு பிடிப்பது. ஆபத்தில் ஒரு பங்கு.

முன்னெல்லாம் வங்கியில் கணக்கு ஆரம்பிக்க, ஏற்கனவே கணக்குள்ள ஒருவரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள். இப்போது அட்டை போதும். ஏழைக்கு இது நல்லதுதான். அறிமுகம் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். ஆனால் அட்டை இவன் யார் என்று சொல்லும். இவனை எனக்குத் தெரியும் என்று சொல்லாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, வழக்கமாகக் குற்றம் செய்பவன் என்று கருதப்பட்டவனிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்டது. 2024இல் சட்டத்தின் பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை. ஜாமீன் நிற்க ஆள் இருந்திருந்தால் அவர்களில் பலர் அங்கே வந்து நின்றிருக்கவே மாட்டார்கள்.

எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. காலில் கல்லைக் கட்டி இறங்குகிறவனின் கயிறு வள்ளத்தில் இருப்பவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். முழுகியவன் செத்தால் தாலியறுப்பவள் அவன் அக்காளோ தங்கச்சியோ. இதைப் பாசம் என்று நாம் பாராட்டிவிடுகிறோம். எனக்கு அதில் ஒரு கணக்கு தெரிகிறது. கீழே இருப்பவன் போனால் தனக்கும் நஷ்டம் என்று இருப்பவனிடம்தான் கயிற்றைத் தரலாம். மூச்சைப் பிடிப்பது முழுகுகிறவனின் திறன்; அதை அவனுக்காக வேறொருவர் பிடிக்க முடியாது. இழுப்பது அவன் திறனில் சேராது.

திரும்பி வருபவனுக்கு நாம் நடத்துகிற பாடங்கள் எல்லாம் மூச்சுப் பிடிக்கும் பாடங்கள். நடக்கட்டும். ஆனால் வேலை கொடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருபவர் ஆகியோருக்கும் பாடம் உண்டு. கல்லாப்பெட்டிச் சாவியை முதல் நாளே கொடு என்று யாரும் சொல்லவில்லை. கடனுக்கு வரம்பு வைக்கிற மாதிரி நம்பிக்கைக்கும் வரம்பு வைக்கலாம், தவணை தவறாதபோது கூட்டலாம். ஏமாந்துபோகவும் நேரும். வராக்கடன் வந்தது என்று எந்த வங்கியும் கடன் கொடுப்பதை நிறுத்தியதில்லை. அதற்கென்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறது. ஏமாற்றத்துக்கென்று நாம் எதை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பதைத்தான், அவன் திருந்திவிட்டானா என்று விசாரிக்கும் முன்னால் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.